இலையில் வைத்த ஒரே சிகரெட்

ஆண்பிள்ளைகளை ஊதச் சொல்வதற்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. மலேசியாவில், குளுவாங் என்ற ஊரில், ஒரு கிளினிக்கில் நான் தாதி, அதாவது நர்ஸ். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்பார்கள். சிகரெட்டை நிறுத்த வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய அறை என்னுடையது. மேசைமேல் கையடக்கமாக ஒரு கருவி இருக்கும். மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, அட்டைக் குழாயை வாயில் வைத்து மெதுவாக ஊத வேண்டும். சிகரெட் புகை உடம்பில் விட்டுப்போன நச்சுக்காற்று எவ்வளவு என்று அது சொல்லிவிடும். பச்சை விளக்கு வந்தால் நல்ல பிள்ளை. சிவப்பு வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன்.

இந்தக் கருவியை ஏமாற்ற எங்கள் ஊர்க்காரர்கள் படும் பாட்டைத் தனிப் புத்தகமாக எழுதலாம். ஒருவர் வருவதற்கு முன் மூன்று டின் சோயா பால் குடித்துவிட்டு வந்தார். இன்னொருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து குழாயைச் சிவப்பாக்கினார். உணவகம் நடத்தும் பாய் ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது, கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் புகைக்கலாம் என்று சட்டம் வந்ததும், தன் கடை வாசலில் தானே மஞ்சள் கோடு போட்டவர். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டில் செருப்பு நுனி கூடப் படாமல் நின்றுகொண்டு, சட்டத்தை மதித்தபடி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டை முடிப்பார். ஒவ்வொரு முறையும் சிவப்புதான் வரும். "மெஷின் கோளாறு மிஸ்ஸி," என்பார். ஆறு மாதமாக அதே கோளாறு.

நான் கொஞ்சம் கோபக்காரி. வாயும் நீளம். அதனால்தான் அந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற எனக்கு வாய்த்த தம்பி இருக்கிறானே, அவனைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

தம்பிக்கு நாற்பத்தொரு வயது. ஜொகூர் பாருவில் குடியிருக்கிறான். மோட்டார் சைக்கிளில் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன். போன வருடம் ஆறாம் மாதத்தில், பாலத்தில் ஜாமில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சு வலித்திருக்கிறது. வெயில் என்று நினைத்தானாம். ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி, கம்பிச்சுருள் ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார்கள். இனிமேல் சிகரெட்டைத் தொட்டால் அடுத்த அடைப்பு சொல்லிக்கொண்டு வராது என்றார் அங்கிருந்த டாக்டர். அப்போது அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

எங்கள் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டினவர். சிவப்புப் பாக்கெட் சிகரெட் பிடிப்பார். நுரையீரல் போய், ஆக்சிஜன் குழாயோடு ஏழு மாதம் கிடந்து, அதற்கும் நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்தார். மூக்கில் குழாயோடு, "ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுடி," என்று என்னிடமே கேட்டவர். தம்பி முகத்தில், நடையில், பிடிவாதத்தில் அவர்தான். அவன் கட்டிலில் படுத்திருந்ததைப் பார்த்தபோது, முதலில் மூக்கில் குழாய் இருக்கிறதா என்றுதான் தேடினேன்.

சரி, பயந்துவிட்டான், நிறுத்திவிடுவான் என்று நம்பினேன். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். பக்கத்தில் வந்ததும் மாம்பழ வாசம்.

"என்னடா, மாம்பழம் வாங்கிட்டு வந்தியா?"

பாக்கெட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மின்சிகரெட்டை எடுத்துக் காட்டினான். ஜொகூரில் அதை விற்கக்கூடாது. எங்கே வாங்கினாய் என்று கேட்டால், "தெரிஞ்ச ஆளு," என்பான். ஜொகூரில் எல்லோருக்கும் ஒரு தெரிஞ்ச ஆளு உண்டு.

"அக்கா, இது கெடுதல் கம்மி. நெருப்பு இல்ல, தார் இல்ல. வெளிநாட்டுல எல்லாம் டாக்டருங்களே இதுக்கு மாறச் சொல்றாங்க. உங்க கிளினிக்லதான் இன்னும் பழைய பாட்டு பாடுறீங்க."

"நெஞ்சுல கம்பி வெச்சிருக்கவனுக்குக் கம்மி என்னடா, ஜாஸ்தி என்ன? நிறுத்துன்னா நிறுத்து!"

"ஒரேயடியா நிறுத்த முடியாதவன் என்ன பண்றது? செத்துப் போகட்டுமா?"

தம்பி மனைவியும் அவன் பக்கம். "எப்படியோக்கா, வீட்டுல இப்ப சிகரெட் நாத்தம் இல்ல. தலகாணி கூட மாம்பழ வாசம்," என்றாள். அலமாக், தலையணைக்கு நல்லதென்றால் சரிதான் என்று முணுமுணுத்துவிட்டுப் போனேன்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்கே வந்துவிட்டான். வரிசையில் நின்று நம்பர் எடுத்து, என் அறையில் உட்கார்ந்து, "மிஸ்ஸி, ஊதட்டுமா?" என்றான். ஊதினான். பச்சை. பளிச்சென்று பச்சை. வெளியே காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கை தட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்த நச்சுக்காற்று வராது, என் கருவிக்கு அது தெரியாது. என் மேசைமேல் இருந்துகொண்டே என் கருவி அவன் கட்சியில் சேர்ந்துவிட்டது.

அன்று மதியம் எங்கள் டாக்டரிடம் போய் நின்றேன். மலாய்க்காரம்மா, பொறுமைசாலி. நியாயம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சிகரெட்டைவிட அதில் கெடுதல் குறைவாக இருக்கலாம், ஆனால் கெடுதல் இல்லாதது என்று அர்த்தம் இல்லை என்றார். முழுதாக மாறிவிட்டால் பேச இடமுண்டு என்று சிலர் சொல்வார்கள், அதுவே புதுப் பழக்கமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், பெரிய பெரிய ஆட்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்றார். இவனுக்கு நிகோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் கொடுத்துப் பார்க்கலாம், கூட்டி வா என்றார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "அவர் இரண்டையும் பிடிக்கவில்லையே?"

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சிங்கப்பூருக்குள் மின்சிகரெட் கொண்டுபோக முடியாது. பிடித்தால் அபராதம், வேலையும் போகும். அப்படியானால் பன்னிரண்டு மணி நேர வேலையில் இவன் என்ன செய்கிறான்?

அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக, ஒரு நாள், இரவு வேலை முடிந்து காலையில் நேராகக் குளுவாங்குக்கு வந்தான். போகிற வழியில் அம்மாவைக் கிளினிக் வாசலில் உட்கார வைத்துவிட்டு, "ஒரு ஊது ஊதிட்டுப் போடா," என்றேன். மழுப்பினான். விடவில்லை. ஊதினான். சிவப்பு என்றால் சிவப்பு, தீயணைப்பு வண்டிச் சிவப்பு.

"இது சிங்கப்பூர் காத்து, அக்கா."

"அடேய்!"

கூட வேலை செய்கிறவன் கொடுக்கிறானாம். ஓய்வு நேரத்தில் எல்லோரும் போய் நிற்கும்போது, சும்மா நிற்க முடியவில்லையாம். ஆக, பாலத்துக்கு இந்தப் பக்கம் மாம்பழம், அந்தப் பக்கம் சிகரெட். அந்தத் திங்கட்கிழமைப் பச்சை, விடுப்பில் வந்த பச்சை. கெடுதலைக் குறைத்த லட்சணம் இதுதான். கத்தினேன். கத்திவிட்டுக் கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். எனக்கு ஒரே தம்பி.

இப்படியே தீபாவளி வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் செத்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வழக்கம். அப்பா படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம். ஆட்டுக்கறிப் பிரட்டல், நெத்திலி சம்பல், உளுந்து வடை, ஒரு குவளை கோப்பி. கூடவே ஒரு முழுப் பாக்கெட் சிகரெட். அதிலிருந்து ஒன்றைப் பற்றவைத்து, அவருடைய பழைய சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் சிகரெட் பஞ்சுவரை எரிந்து முடிந்திருக்கும். "அண்ணன் வந்து குடிச்சிட்டுப் போயிட்டாரு," என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, பாலோவிலிருந்து பலகாரத்தோடு வருகிறவர்.

இதில் இரண்டு விவகாரம். ஒன்று, சிகரெட் ஊதுபத்தி இல்லை. தீக்குச்சியைக் காட்டினால் மட்டும் பற்றாது, வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால்தான் பற்றும். அந்த இழுப்பு மூத்த மகனுடையது. எங்கள் வீட்டில் மகன் ஒருவன்தான். இரண்டு, படையல் முடிந்தால் கறி எல்லோருக்கும், சிகரெட் பாக்கெட் தம்பிக்கு. "அப்பா மிச்சம்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். அவன் வாழ்க்கையின் முதல் இழுப்பே பதினைந்து வயதில் தாத்தா படையலில் அப்பா சொல்லி இழுத்ததுதான். எல்லாரும் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றோம், நான் உட்பட.

அந்த வருடம் விடுவேனா? ஒரு வாரம் முன்பே அறிவித்தேன். "இலையில சிகரெட் கெடையாது."

அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவேயில்லை. "உயிரோட இருக்கும்போது நிறுத்தாதவரு, செத்தப்புறமா நிறுத்தப் போறாரு? சிகரெட் இல்லாத இலையை உங்கப்பா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

"அதுக்குப் பதிலா வேற வைப்போம். நிகோட்டின் சூயிங்கம் வைப்போம்."

"மெல்றதுக்கு அவருக்குப் பல்லு ஏது? பல்செட்டை நீதானே எடுத்து அலமாரியில வெச்சிருக்க."

"சரி, ஒட்டுற பட்டை?"

"எங்கடி ஒட்டுவ? படத்துலயா?"

தம்பியைத் தொலைபேசியில் பிடித்தோம். அவன் தீர்வு தயாராக இருந்தது. "அப்பாவுக்கும் மாம்பழத்தை வைங்க. அவருக்கும் கெடுதல் கம்மி." முன்கூட்டியே வந்திருந்த அத்தை, ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக் கொதித்துப் போனார். "ஏன்டா, ஃபோனையே தலைகீழாப் புடிச்சுப் பேசுன மனுஷன்டா எங்கண்ணன். அதுக்குச் சார்ஜ் போட அவருக்குத் தெரியுமா? தீந்துபோச்சுன்னா மேல எங்க போய் வயரு தேடுவாரு?"

ஒரு மணி நேரம் பேசினோம். டாக்டரம்மா சொன்ன பெரிய பெரிய ஆட்களின் சண்டை முழுவதும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. கட்டோடு வேண்டாம் என்ற கட்சியில் நான். மாற்றிக் கொடு என்ற கட்சியில் தம்பி. அவர் இஷ்டம், குறுக்கே போகாதே என்ற கட்சியில் அத்தை. கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "பாக்கெட் வேணாம். ஒண்ணே ஒண்ணு வைப்போம். அவரு கடைசியா கேட்டதும் ஒண்ணுதானே."

ஒன்று வாங்கலாம் என்றால், சட்டம் விடாது. சிகரெட்டைச் சில்லறையாக விற்கக்கூடாது. இருபது கொண்ட பாக்கெட்தான் வாங்க வேண்டும். தம்பியை வாங்கச் சொல்வது பூனையைக் கருவாட்டுக்குக் காவல் வைப்பது மாதிரி. அம்மாவுக்கு முட்டிவலி. ஆக, நான்.

கிளினிக் சட்டையை மாற்றிக்கொண்டு, எங்கள் தாமான் வீடுகளையெல்லாம் தாண்டி, எனக்கு யாரையும் தெரியாத ஒரு மளிகைக்கடையாகப் பார்த்துப் போனேன். இப்போது சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கக்கூடாது. எல்லாம் மூடிய அலமாரிக்குள் இருக்கிறது. கையைக் காட்டி வாங்க முடியாது, பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மெதுவாகக் கேட்டேன். சீனக் கடைக்காரருக்குக் காது மந்தம். "ஆ?" என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். "ரோக்கோ, சிகரெட்டா? சிவப்பா, வெள்ளையா?" என்று கடையே அதிரக் கேட்டார்.

"சிவப்பு!" என்று கத்தினேன்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால், கையில் வெங்காய மூட்டையோடு மஞ்சள் கோட்டுப் பாய்.

"மிஸ்ஸி," என்றார், மிகுந்த மரியாதையோடு.

"இது எனக்கில்ல பாய். எங்கப்பாவுக்கு."

"அப்பா மௌத்தாயி நாலு வருசமாச்சே மிஸ்ஸி. நான்தான அன்னிக்கி பிரியாணி அனுப்புனேன்."

என்னத்தைச் சொல்ல? படையல் கதையை விளக்க ஆரம்பித்தால், பின்னால் வரிசை நின்றது. பாக்கெட்டைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்தேன். வீட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சம் பத்தொன்பதையும் ஒடித்துக் கழிவறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரை இழுத்தேன். மூன்று முறை இழுத்தும் மிதந்துகொண்டு என்னையே பார்த்தன.

மறுநாள் பாய் கிளினிக்குக்கு வந்தார். சந்திப்பு அவருக்கு அடுத்த மாதம்தான். இருந்தும் வந்தார். குழாயை நீட்டினேன். வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார். "மொதல்ல நீங்க ஊதுங்க மிஸ்ஸி. உங்களுக்கு என்ன கலர் வருதோ, அதப் பாத்துட்டு நான் ஊதுறேன்." வாசலில் நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். பத்து வருடமாக ஊதச் சொன்னவள் ஊதினேன். குற்றமே செய்யாவிட்டாலும், விளக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பச்சை வந்தது. பாய் பெருமூச்சு விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு அவர் ஊதினார். அவருக்குக் கோளாறு தொடர்ந்தது.

படையல் நாள் வந்தது. பகல் முழுவதும் நானும் அத்தையும் தம்பி மனைவியும் அடுப்படியில் கிடந்தோம். வடை தட்டியது நான், பொரித்தது அத்தை. அம்மாவை அடுப்புப் பக்கமே விடவில்லை. கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்ததால் புகை ஆகாது. கூடத்தில் உட்கார்ந்து பூ மட்டும் கட்டினார். பொழுது சாயும் நேரத்தில் அப்பாவின் அறையில் இலை போட்டோம். சாம்பிராணி காட்டியாகிவிட்டது. சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த ஒற்றைச் சிகரெட். அத்தை வழக்கம்போலத் தீப்பெட்டியைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி கையை வேட்டியில் துடைத்தான். அந்தச் சிகரெட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டின பெண்டாட்டியை அப்படிப் பார்த்திருக்க மாட்டான். இரண்டு நாளாகச் சிகரெட் தொடவில்லை என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தான். சூயிங்கம் மெல்லவும் ஒப்புக்கொண்டிருந்தான். ஓர் இழுப்புதான். அந்த ஓர் இழுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணுதான் மிஸ்ஸி இழுத்தேன், பழையபடி ஆயிடுச்சு," என்று அழுத எத்தனை ஆண்களைப் பார்த்திருக்கிறேன்.

"குடு இங்க. நான் பத்த வைக்கிறேன்," என்றேன்.

"பொம்பளப் புள்ள பத்த வைக்கிறதா? என்ன பேச்சு பேசுற!" அத்தை வாயில் கை வைத்தார்.

"எங்கப்பாவுக்குத்தானே பத்த வைக்கிறேன். ஊரான் அப்பாவுக்கா?"

சிகரெட்டை உதட்டில் வைத்தேன். தீக்குச்சியை உரசினேன். நுனிக்குக் கொண்டுபோனேன். பத்து வருடப் பழக்கம், வாயில் குழாய் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். பலமாக ஊதினேன். குச்சி அணைந்தது.

"ஊதாத அக்கா, இழு!" என்றான் தம்பி.

இரண்டாவது குச்சியும் ஊதலில் போனது. மூன்றாவதும். தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். "ஸ்ட்ரா போட்டு ஐஸ் கச்சாங் உறிஞ்சுற மாதிரி இழு லா!" என்று தம்பி எட்டி நின்றபடி பாடம் நடத்தினான். உலகத்தில் எந்த மிஸ்ஸிக்கும் இப்படி ஒரு பயிற்சி கிடைத்திருக்காது. நான்காவது குச்சியில் இழுத்தேன். பற்றியது. அந்தப் புகை உள்ளே போய் எதையோ பிராண்டியது. இருமி, கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணீர் வழிய, சிகரெட்டைக் கிண்ணத்தில் போட்டேன். இந்தக் கருமத்துக்காகவா அப்பா உயிரை விட்டார் என்று கோபம் வந்தது. பிறகு அந்த வாசம், லோரியிலிருந்து இறங்கி வரும் அவருடைய சட்டை வாசம், வந்தது. அழுதேன். இருமலில் அழுகிறேன் என்று நினைத்து அத்தை முதுகைத் தட்டினார்.

எல்லோரும் வெளியே வந்தோம். அம்மா கதவைச் சாத்தப் போனவர், "அடடா, தண்ணி வைக்க மறந்துட்டேன்," என்று ஒரு டம்ளரோடு உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் வந்து கதவைச் சாத்தினார். கார் நிறுத்தும் இடத்தில் நின்றோம். பக்கத்துத் தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். தம்பி ஒரு சூயிங்கத்தைப் பிரித்து வாயில் போட்டு, அதன்மேல் ஏதோ பகை இருப்பதுபோல் மென்றான்.

பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தோம். சிகரெட் அணைந்திருந்தது. பாதிதான் எரிந்திருந்தது. மிச்சப் பாதி நுனி கருத்துக் கிண்ணத்தில் கிடந்தது.

"ஐயோ," என்றார் அத்தை. "அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு. பொம்பளக் கை பட்டதுல பாதியோட போயிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒழுங்காக இழுக்காமல் நான்தான் கெடுத்துவிட்டேனா? வருடத்துக்கு ஒன்று, அதையும் பாதியாக்கிவிட்டேனே! வேலையில் ஆயிரம் பேரிடம் பாதியில் அணை என்று சொன்னவள், அப்பாவின் பாதிச் சிகரெட்டுக்கு நின்று அழப் பார்த்தேன்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "கோவம் இல்ல. நிறுத்திட்டாரு."

அம்மா கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

"ஏழு மாசம் ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுன்னு கேட்ட மனுஷன். குடுத்ததைப் பாதியில அணைச்சுட்டுப் போயிருக்காரு. செத்து நாலு வருஷத்துக்கு அப்புறமாச்சும் நிறுத்திட்டாரு." தம்பி பக்கம் திரும்பினார். "நீயும் அப்படிச் செத்தப்புறந்தான் நிறுத்துவியாடா?"

தம்பி விறுவிறுவென்று வெளியே போனான். பின்னாலேயே ஓடினேன். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, ஹேண்டிலில் தலையைச் சாய்த்து, நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். "அவரே விட்டுட்டாரு அக்கா," என்றான். "அவரே விட்டுட்டாரு." பாக்கெட்டிலிருந்து மாம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தான். இன்னும் சூடாக இருந்தது.

மறுநாள் தீபாவளி. விடிந்ததும் அம்மா பலகையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பார். வயதாகி, சம்பாதித்து, கழுத்துவரை வியாதி வந்தவர்களானாலும் அன்று அம்மா முன்னால் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். முதலில் நான். அம்மாவின் கை உச்சந்தலையில் அழுத்தும் விதம் எனக்குத் தெரியும். அன்று கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் படவேயில்லை. அந்த இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் நுனியிலும் கொப்புளம்.

"என்னம்மா இது?"

"வடைச் சட்டி பட்டுடுச்சு."

"நீங்கதான் அடுப்புப் பக்கமே வரலையே."

கை நின்றது. அம்மா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். தம்பி அங்கே மகளுக்குப் புதுச்சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தினார்.

"அவர் வாயிலேர்ந்து பிடுங்கி நசுக்கிப் போடணும்னு நாப்பது வருஷம் நெனச்சேன்டி. ஒரு நாளும் தைரியம் வரல. நேத்துதான் வந்துச்சு."

தண்ணீர் டம்ளரோடு உள்ளே போனவர். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும், விரலால் நசுக்கியிருக்கிறார்.

"அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத," என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "அவங்கப்பா நிறுத்துனதாவே இருக்கட்டும். எந்திரி, அவனை வரச் சொல்லு."

தம்பி வந்து பலகையில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்தான். அம்மா அந்த இரண்டு விரலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் உச்சியில் எண்ணெய் வைத்து அழுத்தினார்.

இப்போது அவன் மாதம் ஒருமுறை வந்து ஊதுகிறான். இரவு வேலை முடிந்து நேராக வந்தாலும் பச்சைதான். வரிசையில் இருப்பவர்களிடம், எங்கப்பாவே நிறுத்திட்டாரு, நமக்கென்ன என்று கதை சொல்கிறான். மஞ்சள் கோட்டுப் பாய்கூட வாயைப் பிளந்து கேட்கிறார். நான் குழாயை மாற்றிக்கொண்டே தலையை ஆட்டுகிறேன். என் தம்பி மட்டும் புத்தகம் படிக்கிறவனாக இருந்திருந்தால், இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.